கம்பிக்கு இந்தப் பக்கம்

கார் நிறுத்துமிடத்துச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு பழுப்பு நீர் மேலே வருகிறது, சத்தமே இல்லாமல், பால் பொங்குவதுபோல, மூன்று வருடம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மத்தியானம் கண்ணயர்ந்தால் அந்த நீர் என் கணுக்காலைத் தொட்டுவிடுகிறது, ஏரியைத் திறந்துட்டாங்களாம் என்று யாரோ மாடியிலிருந்து கத்துகிறார்கள், நான் இரும்புக் கதவுக்கு உள்ளே நிற்கிறேன், வெளியே ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள், நாற்பது பேர் இருக்கும், தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, எல்லாருக்கும் முன்னால் கஸ்தூரி, ஆறு வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், அவள் இரு பக்கமும் இரட்டைப் பெண்குழந்தைகள், பின்னால் அவள் புருஷன் ஏகாம்பரம், கிழத் தாயை முதுகில் சுமந்தபடி. ஐயா, கேட்டத் தொறங்கய்யா, மாடிப்படில குந்திக்கினு இருக்கோம், தண்ணி வடிஞ்சதும் போய்டுவோம் என்கிறாள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த வருடம் நான்தான் செயலாளர், சாவி என்னிடம். மூன்றாவது மாடித் தணிகாசலம் என் காதருகே வந்து, சார், அவசரப்படாதீங்க, உள்ள விட்டா வெளிய அனுப்ப முடியாது, தொட்டியில இருக்கிற தண்ணி நம்ம பன்னெண்டு வீட்டுக்கே ரெண்டு நாள்தான், மத்தவங்களையும் கேட்டுட்டு வரேன் என்று மேலே ஏறிப் போனார், அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது எனக்கு அவ்வளவு எளிதாக இருந்தது, என் வலது கை கால்சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அந்நியரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேதபகுதியை எத்தனை ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறேன், நல்ல குரல் என்பார்கள், அந்தக் குரலில்தான், படியிறங்கி ஓடிவந்து சாவி எங்கங்க என்று கேட்ட என் மனைவி ஹெப்சிபாவிடம், தணிகாசலம் வாங்கிட்டுப் போயிருக்கார், கமிட்டி பேசிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறு என்றேன்.

அவள் நம்பினாள், என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய், கம்பிகளுக்கிடையே இரண்டு கைகளையும் நீட்டி அந்தக் குழந்தைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள், பயப்படாதீங்க கண்ணுங்களா, நான் இங்கதான் நிக்கிறேன் என்றாள். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், முதுகிலிருந்த தாயை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவங்க தொறக்க மாட்டாங்க, நீ புள்ளைங்களோட இங்கயே நில்லு, அந்த இஸ்கூல் தொறந்துகீதான்னு பாத்துட்டு வரேன் என்றான், தெருமுனை திரும்பும்போது கிழவியின் பாதங்கள் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன், கூப்பிட்டிருக்கலாம், அவன் பெயர் என் தொண்டையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தண்ணீர் ஹெப்சிபாவின் இடுப்பைத் தாண்டியபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், அப்போதுதான் திறந்தேன், இரக்கத்தால் இல்லை, இவள் போய்விடுவாளே என்ற பயத்தால், அந்த நெரிசலில் சாவி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று நாள் அவர்கள் படிகளில் இருந்தார்கள், ஹெப்சிபா வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் பொங்கிப் போட்டாள், இரண்டாம் நாள் தணிகாசலமே போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்று அழுதார், கஸ்தூரி மட்டும் மாடிப்படித் திருப்பத்து ஜன்னலில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் கிழவி கிடைத்தாள், பள்ளிக்கூடச் சுவரோரம், அந்தக் கதவும் பூட்டித்தான் இருந்திருக்கிறது. ஏகாம்பரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

பிறகு ஸ்தோத்திர ஆராதனையில் போதகர் என்னை முன்னால் அழைத்துச் சால்வை போர்த்தினார், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஹெப்சிபாவின் கண்கள் நிறைந்திருந்தன, சால்வை கழுத்தில் ஈரமாகக் கனத்தது, அல்லது அப்படிக் கனவு கண்டேனா, கஸ்தூரிகூட, ஐயாதான் தொறந்தாரு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு வருடம் கழித்து, ஹெப்சிபா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கஸ்தூரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், சாவி எங்கிட்டதான் இருந்துச்சு கஸ்தூரி, ஆரம்பத்துலருந்தே. அவள் குழாயை மூடினாள், திரும்பவில்லை. தெரியும்யா, கம்பி வழியா பாத்துனுதான இருந்தேன், உங்க கை பைக்குள்ளயே இருந்துச்சு என்றாள். ஏன் யார்கிட்டயும் சொல்லல என்று கேட்டேன். சொன்னா அவரு வந்துடுவாரா, அம்மா அன்னிக்கு தண்ணில நின்னுகினு எம்புள்ளைங்க கைய வுடவே இல்ல, உங்க சங்கதி தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க, அவங்களுக்காவத்தான் வாய மூடினு கீறேன், உங்களுக்காவ இல்ல, நீங்களும் சொல்லிடாதீங்க என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள்.

நான் சொல்லவில்லை. அது அவள் கேட்டுக்கொண்டதாலா, எனக்கு அதுதான் சௌகரியம் என்பதாலா, எத்தனை முறை முழங்காலிட்டாலும் பதில் வருவதில்லை. இன்றும் மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, நாலு மணிக்கே வீடு இருட்டிவிட்டது, ஹெப்சிபாவிடம் பாடம் படிக்க வந்த இரட்டையர்கள் புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் போலவே கண்களை மூடிக் கைகூப்புகிறார்கள், சின்னவள் யாமினி ஜெபம் செய்கிறாள், சாமி, எங்களுக்குக் கதவு தொறந்த தாத்தாவ நல்லா வெச்சிரு, எங்கப்பாவுக்கும் எங்கனா ஒரு தாத்தா தொறந்திருக்கணும். ஹெப்சிபா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், சமையலறை வாசலில் நிற்கும் கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. ஆமென் சொல்லு தாத்தா என்கிறாள் குழந்தை.

சொல்கிறேன்.