மூன்று விரல் உயரம்

பட்டியல் எழுத அந்த ஊரில் வேறு ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாத்தியார் இருந்தார், கடைக்காரர் இருந்தார். ஆனால் வாத்தியார் எழுதினால் ஆள் பெயரோடு நின்றுவிடும். அசுந்தா எழுதினால் எந்த மூட்டை யார் முதுகில், எந்தக் குடம் லாரியில் யார் மடியில் என்பது வரைக்கும் இருக்கும். அதனால் எட்டு வருடமாக, ஜூன் பிறந்ததும் சூரியத் திருவிழாப் பயணத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்த வருடம் கூப்பிடத் தயங்கினார்கள். அவள் கணவன் மெலித்தோன் மண்ணுக்குள் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை கூப்பிடாமலே வந்தாள். துக்கத்துக்குக் கறுப்புப் பாவாடை, கறுப்புச் சால்வை, கறுப்புத் தொப்பியோடு பள்ளிக்கூட முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

சோளக் கள், ஆறு குடம். மலைச்சரிவில் மண்கட்டி அடுக்கிச் சுடுவதற்கு உருளைக்கிழங்கு, மூன்று மூட்டை. அரைத்த மிளகாய், மூடி போட்ட வாளியில். மெல்லுவதற்குக் கோக்கா இலை, அவரவர் பையில். ஆடுமாடு பார்த்துக்கொள்ள ஊரில் தங்குபவர்கள், ஐந்து பேர். அந்த ஐந்தில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

அதற்குக் கீழே 'பல்லக்குத் தூக்குபவர்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒன்றிலிருந்து ஏழு வரை பெயர்களை எழுதினாள். எட்டு என்று எண் போட்டாள். பேனா அங்கேயே நின்றது.

திருவிழா அன்று குஸ்கோ நகரத்துக்கு மேலே கோட்டைத் திடலில், ராணி வேடம் கட்டியவளின் பல்லக்கை இந்த ஊர் ஆட்கள்தான் சுமந்தார்கள். அந்த உரிமையை வாங்கி வந்தவன் மெலித்தோன். மூன்று முறை நகரத்துக்கு நடந்தே போய், அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகச் சொன்னாலும் போகாமல் வாங்கி வந்தான். முதல் வருடம் திருப்பத்தில் பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ராணி கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சரிவெல்லாம் நிறைந்திருந்த சனம் கைதட்டிச் சிரித்தது. அதற்குப் பிறகுதான் நகரத்துக்காரர்கள் ஒரு குச்சியைக் கொடுத்தனுப்பினார்கள். தோள் உயரத்துக்கு ஒரு வெட்டு. தூக்குகிற எட்டுப் பேரின் தோளும் அந்த வெட்டுக்கு வர வேண்டும்.

ஊர்த் தலைவர் சிரிலோ அந்தக் குச்சியை நட்டுவைத்து, இலாரியோவை அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

"மூச்ச இழுத்துப் பிடிச்சு நில்லுப்பா."

"மூச்ச இழுத்தா தோள் ஏறாது, வயிறுதான் ஏறும்" என்றாள் பசிலியா. மெலித்தோனின் அக்கா அவள். வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவள். "கல்லு மேல ஏத்தி நிறுத்துங்க. கல்லையும் சேர்த்துத் தூக்கிட்டு நடக்கட்டும்."

சிரிலோ விரல் வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விரல் குறைந்தது.

"வேற யாரு இருக்கா?" என்றார் சுற்றிலும் பார்த்து. யாரும் இல்லை. வாலிபர்கள் சுரங்கத்துக்கும் லிமாவுக்கும் போயிருந்தார்கள். இருந்தவர்களில் மீதிப் பேர் ஒன்று நெட்டை, இல்லாவிட்டால் மூட்டு வலிக்காரர்கள். "வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு எட்டுப் பேரா வந்து நிக்கலைன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துருவோம்னு போன்ல சொல்லிட்டாங்க. ஒருதடவ போச்சுன்னா அப்புறம் திரும்பி வராது."

அசுந்தா தலையைத் தூக்கவில்லை. இலாரியோ நிற்கிற பக்கம் பார்ப்பதை அவள் நிறுத்தி நாலு மாதமாகிறது. அவன் அவளுடைய மகளுக்கு ஞானத்தகப்பன். பக்கத்து வயல்காரன். பிப்ரவரி மழையில், ஊர்ப்பணியாக வாய்க்கால் வெட்டப் போனபோது மேல்முனையில் இரண்டு பேர்தான் நின்றார்கள், மெலித்தோனும் இவனும். மலை சரிந்தது. ஊர் ஓடி வந்தபோது இலாரியோ தோளில் கடப்பாறையோடு நின்றுகொண்டிருந்தான். முழங்காலுக்கு மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்த ஒரு காட்சியை அவள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தாள். எப்படி நீ மட்டும் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அடக்கத்தன்று சுவரோரம் நின்றுவிட்டுப் போனான்.

அவன் தொப்பி அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் கிடந்தது. எடுக்க வந்தான். அவள் எழுந்து விலகினாள். ஒரு நொடி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவன் தோள் அவள் புருவத்துக்கு நேராக இருந்தது.

அந்த உயரம் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அந்த உயரத்தின் பக்கத்தில் நின்று கஞ்சி ஊற்றியிருக்கிறாள், நெற்றி சாய்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, தானியப் பெட்டியின் அடியிலிருந்து மெலித்தோனின் சட்டையை எடுத்தாள். தூக்குகிற எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரித் திருவிழாச் சட்டை, சிவப்பும் மஞ்சளும் கட்டம் போட்டது. தோள் இரண்டிலும் உள்பக்கம், கம்பளியை நனைத்து மிதித்துக் கெட்டியாக்கி அவள் கையாலேயே தைத்த திண்டு. மூன்று விரல் தடிமன்.

முதல் வருடம் பல்லக்கு சாய்ந்தது மெலித்தோன் பக்கம்தான். ஊரில் எல்லாரும் பாதையைக் குறை சொன்னார்கள். குச்சி வந்ததும் அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. உரிமையை வாங்கி வந்தவனையே அளந்து வெளியே நிறுத்துவார்களா? அசுந்தா திண்டு தைத்துக் கொடுத்தாள். ஒரு தோளுக்குப் போதும் என்றாள் அவள்; இரண்டு தோளுக்கும் வேண்டுமென்றான், இல்லாவிட்டால் கோணலாகத் தெரியுமாம். அடுத்த மாதமே தன்னை நெட்டை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். திண்டு இல்லாத நாளிலும் நிமிர்ந்த நடையும் தூக்கிய தாடையுமாகத் திரிந்தான். ஊரும் நம்பியது.

இப்போது அந்தச் சட்டையை வெளியே எடுத்தால் இரண்டு விஷயம் வெளியே வரும். மெலித்தோன் குட்டை என்பது ஒன்று. செத்தவனின் துணியெல்லாம் ஐந்தாம் நாள் ஆற்றில் கழுவிய அன்று, இந்த ஒன்றை அவள் கொடுக்காமல் ஒளித்தாள் என்பது இன்னொன்று. கழுவாத துணி வீட்டில் இருந்தால் செத்தவன் கால் போகாமல் சுற்றிச் சுற்றி வருவான் என்பார்கள். வரட்டும் என்றுதான் அவள் ஒளித்தாள்.

எடுக்காவிட்டால்? படிக்கட்டில் உட்கார்ந்து அவன் வாங்கிய உரிமை, அவன் செத்த வருடமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். எடுத்தால், அதை அந்தக் கடப்பாறைக்காரனுக்குப் போட்டுவிட வேண்டும்.

சட்டை மடியில் கிடக்கும்போதே பசிலியா உள்ளே வந்துவிட்டாள். "நீயும் வான்னு சொல்லத்தான் வந்தேன். கறுப்போட வந்தா சூரியன் என்ன கண்ண மூடிக்கவா போகுது? லாரியில முன்னாடி இடம்..." என்று வந்தவள் நின்றாள்.

அசுந்தாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. "மதினி, இது..."

"அன்னைக்கு ஏழு சட்டை கழுவுனேன்" என்றாள் பசிலியா. "அவனுக்கு எட்டு."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?"

"கேட்டா குடுத்திருப்ப. குடுத்துட்டு ராப்பகலா என்னத்தக் கட்டிட்டு உக்காந்திருப்ப?" அவள் சட்டையை வாங்கி, தோளை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே விரல் விட்டாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "அட திருட்டுப் பயலே! எங்க அப்பன் வழியில எவன் உசரம்னு நானும் யோசிச்சுட்டே இருந்தேன்."

அசுந்தா இலாரியோவின் தோளைப் பற்றிச் சொன்னாள். பசிலியா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவனுக்குக் குடுக்க உனக்கு மனசு வருமா?"

"தெரியல மதினி."

"வருதோ இல்லையோ, மொதல்ல இதக் கழுவணும். கழுவாததை இன்னொருத்தன் உடம்புல போட விடமாட்டேன். எந்திரி."

ஆற்றோரத்தில் வெயில் ஏறியும் பனிக்கட்டி உருகியிருக்கவில்லை. கல்லால் தட்டி உடைத்தார்கள். அசுந்தா தையலைப் பிரித்துத் திண்டுகளை வெளியே எடுத்தாள். வலது தோள் திண்டில், பல்லக்குத் தண்டு ஏழு வருடம் அழுத்திய குழி இருந்தது. அவள் கட்டை விரலை அதில் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. பசிலியா காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அசுந்தாவே அதைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து உப்பி வந்தபோது குழி இல்லை.

புதன்கிழமை மத்தியானம் பசிலியா போய் இலாரியோவைக் கூட்டிவந்தாள். அவன் முற்றத்தில், எங்கே நிற்பது என்று தெரியாதவன்போல நின்றான்.

"போட்டுக்கங்க" என்றாள் அசுந்தா, சட்டையை நீட்டி. அவன் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தாள். "அசையாதீங்க. உடம்போட வச்சுத்தான் திண்டத் தைக்கணும். அவரு குட்டைன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"யாரு குட்டை, நானா?"

"இந்தச் சட்டைக்காரரு."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குனிந்து திண்டைப் பார்த்தான். நிமிர்ந்து பசிலியாவைப் பார்த்தான். அவள் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள், கண்டுகொள்ளவில்லை.

"அப்ப நானும் அவனும் ஒரே உசரமா?"

"ஒரே உசரம்" என்றாள் அசுந்தா, நூலைக் கடித்து.

அவன் மூச்சு மாறுவதை அவள் ஊசி வழியாக உணர்ந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். குத்திறாத."

"சொல்லுங்க."

"அன்னைக்கு வாய்க்கால்ல ஒரு பாறை அசைய மாட்டேன்னுது. கடப்பாறை கீழ, மரத்துக்கிட்ட கிடந்துச்சு. நீ போய் எடுத்துட்டு வாடான்னேன். நீ போடான்னான். ரெண்டு பேருக்கும் சோம்பேறித்தனம். அப்புறம் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'நெட்டையன் பாறையப் பிடிப்பான், குட்டையன் ஓடிப்போய் கடப்பாறை எடுத்துட்டு வருவான். ஆண்டவன் படைச்சது அப்படி'ன்னான். மூணு விரல காட்டுனான். எனக்குக் கோவம். ஆனா உசரத்துல அவன் சொன்னது நெசந்தானேன்னு இறங்கிப் போனேன். குனிஞ்சு எடுக்கும்போது சத்தம் கேட்டுச்சு."

ஊசி நின்றுவிட்டது.

"ஏன் வந்து சொல்லல?" என்றாள்.

"என்னன்னு வந்து சொல்வேன்? அவன் குட்டையா இருந்து நான் நெட்டையா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்னா? தப்பிச்சவன் என்ன சொன்னாலும் சாக்கு மாதிரிதான் இருக்கும். நீயும் கேக்கல."

அசுந்தா அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதத்தில் அவனும் கிழவனாகியிருந்தான். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். மூன்று விரலை நீட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு மெலித்தோன் நிற்பது அப்படியே தெரிந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. நான்தானே தைத்துக் கொடுத்தேன், நான்தானே அவனை நெட்டையாக்கினேன் என்று இலாரியோவின் தோளிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் அசையாமல் நின்றான். தையல் முடியவில்லையே.

பசிலியா சோளக் கூடையைக் கீழே வைத்தாள். "ஏய், இங்க பாரு. நீ தைக்கலைன்னா அவன் காலுக்குக் கட்டையக் கட்டிட்டு நடந்திருப்பான். எனக்கு அவனத் தெரியாதா?" பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய்க்காரப் பய. கடைசி வரைக்கும் பெருமைதான். தையி, தையி. வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சுரு."

அசுந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை மறுபடி பிடித்தாள். வலது தோளை இரட்டைத் தையலாகப் போட்டாள்.

வியாழக்கிழமை சிரிலோ குச்சியை நட்டார். இலாரியோ திருவிழாச் சட்டையோடு வந்து நின்றான். வெட்டு சரியாகத் தோளுக்கு வந்தது. சிரிலோ குச்சியைப் பிடுங்கித் தரையைப் பார்த்தார், மறுபடி நட்டார், மறுபடி பார்த்தார்.

"திங்கக்கிழமை மூணு விரல் குறைஞ்சானே!"

"புது உருளைக்கிழங்கு" என்றாள் பசிலியா. "இந்த வருசம் விளைச்சல் அப்படி."

முற்றம் சிரித்தது. தூக்குகிற ஏழு பேரில் ஒருவன், வருடக்கணக்காக மெலித்தோனுக்கு முன்னால் தண்டு பிடித்தவன், சிரிக்காமல் அந்தச் சட்டையையே பார்த்தான். பிறகு அசுந்தாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான். அவனுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ.

அசுந்தா பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இலாரியோ என்று எழுதினாள். அதற்கு மேலே, ஊரில் தங்குபவர்கள் பட்டியலில் முதல் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். ஆள் ஒன்று குறைகிறதே என்று சிரிலோ கேட்டதற்கு, வாத்தியார் சும்மாதானே இருப்பார் என்றாள்.

கடைசியாக, கொண்டுபோக வேண்டிய சாமான்களுக்குக் கீழே, கோக்கா இலைக்கு அடுத்த வரியில் எழுதினாள்:

ஊசி, சிவப்பு நூல், ஒரு பிடி கம்பளி. அசுந்தா கையில். லாரியில் முன்பக்கம்.