பதினோராம் இலக்கம் வெளியே வந்த நேரம்

1994 ஒக்டோபரில் தொடங்கிய பருவகாலத்தில், இத்தாலியின் பலேர்மோவில் இருந்த பாலையடிக் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியின் இடது ஓரத்தில் எவரும் விளையாடவில்லை. ஆனால் அங்கே அடித்த பந்துகள் திரும்பி வந்தன. முதலாவது பந்து அந்த மாதம் ஆறாந் திகதி வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்குத் திரும்பி வந்தது. இடது பின்களத்தில் நின்ற ஜெனிஸ்டன், தலைக்கு மேலால் வந்த பந்தைப் பதற்றத்தில் வெறும் வெளிக்கு உதைத்துவிட்டுத் தன்னைத் தானே ஏசிக்கொண்டு நின்றான். பந்து உருண்டு போய்க் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பிறகு இரண்டு தரம் தட்டுப்பட்டு முன்னுக்கு ஓடி, கோல் வாசலுக்கு நேரே எழும்பி வந்து, நடுவில் நின்றவனின் நெற்றியில் இறங்கியது. அது கோல். அன்றைக்கு மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு பொட்டுக் காற்றும் இல்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் காற்றுத்தான் என்று சாதித்தவர்களும் இருந்தார்கள்.

வியாழக்கிழமை விளையாடியதற்குக் காரணம் உண்டு. இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. ஞாயிறைக் கோயிலும் கலியாண வீடும் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆறு கல்லூரிகளின் பழைய மாணவர்களும் வியாழனில், ஒரு பங்குக் கோயிலின் மண் மைதானத்தில் மோதிக்கொண்டார்கள். காலையில் முழங்காலில் நின்று வீட்டுக்காரச் சின்யோராவின் தரையைத் துடைத்தவன் பின்னேரம் அதே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஊரில் பாலையடிக் கல்லூரி ஷெல் விழுந்து கூரை இல்லாமல் நின்றது. அதன் பதினொரு பேரில் பத்துப் பேர் இங்கே இருந்தார்கள்.

பதினோராவது ஆள் பயணத்தில் நின்றான். இதை வேறு எந்தச் சனமும் செய்யாது, எங்கள் சனம் செய்யும்: பட்டியல் செப்டெம்பரில் மூடப்படும் என்பதால், ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு மொஸ்கோவிலோ கொழும்பிலோ நிற்பவனின் பெயரையும் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். பொடியன் நவம்பரில் வந்து இறங்கினால் அந்த வருட ஆட்டம் வீணாகக் கூடாது அல்லவா? அணியின் செயலாளர் அகஸ்ரின் முன்யோசனைக்காரர். 1993 ஓகஸ்டில் விதுரன் வெளிக்கிட்டுவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்றே பெயரை எழுதினார். இலக்கம் பதினொன்று, இடது ஓரம். பெயர் எழுதப்பட்டு மூன்றாம் நாள், விதுரன் கொழும்புக்குப் போவதற்காக, நேவி சுடுகிற கிளாலி ஏரியைக் கடக்க ஏறிய வள்ளம் அக்கரைக்கு வரவில்லை. வந்தது என்றார்கள் சிலர். அவன் வவுனியாவில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டோம் என்றார்கள் வேறு சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அகஸ்ரின் பெயரை அழிக்கவில்லை. முதல் வருடம் அணி பத்துப் பேருடன் விளையாடிக் கடைசியாக வந்தது. அந்த வருடம் இடது பக்கம் அடித்த பந்துகள் எல்லாம் வெளியேதான் போயின.

பழைய பயிற்றுநர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனதும், கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த கோபாலசிங்கம் மாஸ்ரரைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். மாஸ்ரர் விதுரனின் தகப்பன். ஒரு வழக்கறிஞரின் நடக்க முடியாத தகப்பனாரைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, பல்கனியில் வெயில் காட்டுவது அவருடைய வேலை. மனைவி ஞானம்பிகையைக் குடும்பப் பத்திரம் போட்டு 1992இல் இங்கே எடுத்துவிட்டார். மகனுக்குப் பதினெட்டு கடந்திருந்தபடியால் அந்தப் பத்திரத்தில் இடமில்லை என்று விசா கொடுக்கிற குவெஸ்தூராப் பொலிசில் சொல்லிவிட்டார்கள். ஞானம்பிகையும் அதே ஏரியைத்தான் கடந்து வந்தவள். "பயப்பிடாதை மோனை, நான் கடந்து வந்தனான்தானே" என்று மகனுக்குக் கடிதம் எழுதினவளும் அவள்தான். வள்ளம் காணாமற்போன பிறகு அவள் ஞாயிறுதோறும் செருப்பில்லாமல் பெல்லெக்ரீனோ மலை ஏறி, குகைக் கோயிலில் இருக்கும் சாந்தா ரொசாலியாவிடம் போய் நின்றாள். சைவக்காரி ஏன் அங்கே என்று கேட்டவர்களுக்கு, குகைக்குள்ளே இருப்பவள் அம்மன்தான் என்று பதில் சொன்னாள்.

கிரியையைச் செய்து முடியுங்கள் என்று சொந்தக்காரர் சொல்லாமலில்லை. ஆனால் இங்கே கிரியை செய்விக்கும் அருளையாவே கையை விரித்துவிட்டார். நாள் தெரியாமல் திதி எப்படிப் பார்ப்பது? திதி இல்லாமல் அந்தியேட்டி ஏது, திவசம் ஏது? வள்ளம் ஏறிய நாள் தெரியும், ஆனால் ஏறிய நாள் போன நாள் ஆகுமா? மாஸ்ரருக்கு அந்தப் பதில் உள்ளூர நிம்மதியாக இருந்தது. நாள் தெரியாதவரை மகன் பயணத்தில் நின்றான்.

ஒக்டோபரில் அந்தப் பந்து திரும்பி வந்தபோது மாஸ்ரர் கத்தவில்லை, கை தட்டவில்லை. இரண்டு சின்னத் தட்டு, பிறகு இடது காலின் வெளிப்புறத்தால் ஒரு தூக்கு. அதை அவர் ஆயிரம் தரம் கண்டிருக்கிறார். அன்று தொடக்கம் அணி இடது பக்கமாகவே விளையாடியது, தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் வென்றது. தோற்றவர்கள் முறையிட்டார்கள். பங்குக் கோயில் மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் கூட்டம் நடந்தது. மத்தியஸ்தர் இராயப்பு, துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குபவர், பெற்ற தகப்பன் பந்தைக் கையால் தொட்டாலும் விசில் அடிக்கிற மனிதர். அவர் எழும்பி, பட்டியலில் பெயர் இருக்கிறது, பந்தில் கால் படுகிறது, சட்டப்படி பதினொரு பேர் சரி என்றார். முறைப்பாடு அத்தோடு முடிந்தது. ஆறு அணியின் பட்டியலிலும் பயணத்தில் நின்றவர்கள் இருந்தார்கள். மற்ற அணிக்காரரும் அடுத்த வியாழன் தங்கள் வெறும் இடங்களுக்குப் பந்து அடித்துப் பார்த்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது. திரும்பி வரவில்லை.

தை மாதத்துக்குப் பிறகு பந்து நனைந்து வரத் தொடங்கியது. மைதானம் காய்ந்து புழுதி பறக்கும், இடது பக்கத்திலிருந்து வருகிற பந்து மட்டும் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். ஒருநாள் இடைவேளையில் மாஸ்ரர் பந்தைத் துடைக்கிறவர் மாதிரிக் குனிந்து, விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். மொண்டெல்லோக் கடல் சுள்ளென்று கரிக்கும். இது சேறு மணக்கிற, கொஞ்சம் கசக்கிற உப்பு. அந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த நாக்கு அதில் பிழை விடாது. மாஸ்ரர் பந்தைக் கொடுத்துவிட்டு, காற்சட்டையில் கையைத் துடைத்து, இரண்டாம் பாதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அணியின் ஜேர்சிகளைப் பயிற்றுநர் வீட்டில் தோய்ப்பது வழக்கம். பத்து ஜேர்சி புழுதியோடும் வியர்வையோடும் வரும். மடித்தபடியே வாங்கில் கிடந்த பதினோராவது, நனைந்து உப்புப் பூத்து வரும். ஒருநாள் அதன் கழுத்துப் பட்டியில் ஏரியில் முளைக்கிற சாதாளைப் புல் ஒரு இழை ஒட்டியிருந்தது. ஞானம்பிகை அதைப் பிஸ்கற் ரின்னில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தாள். பங்குனி முடியும்போது ரின் பாதி நிரம்பிவிட்டது. இப்படியாக, கால்சாப் பகுதியில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில், புருசனும் பெண்சாதியும் ஒரே விசயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள்.

சித்திரையில் பந்து பிந்தத் தொடங்கியது. முன்பு உடனே வந்தது, இப்போது கோட்டருகே கிடந்து யோசித்து, மெல்ல வந்தது. சில வேளை பாதி வழியில் நின்றது. பிள்ளைக்கு ஏலாமல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மார்கழியில் பயணம் முடிந்து வந்து, அன்று தொடக்கம் வாங்கில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த யசிந்தனை இறக்கினால் என்ன என்று அகஸ்ரின் ஒரு தரம் வாயெடுத்தார். மாஸ்ரர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 1989இல், கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில், மாஸ்ரர் மகனுக்கு இடம் கொடுக்கிறார் என்று பார்வையாளர் பக்கமிருந்து ஒருவர் கத்த, ரோசத்தில் அவர் விதுரனை இடைவேளையோடு வெளியே எடுத்துவிட்டார். பதினெட்டு வயதுப் பொடியன் தகப்பனோடு பதினொரு நாள் கதைக்கவில்லை. உதைபந்தாட்டத்தின் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மாற்றி வெளியே எடுக்கப்பட்டவன் திரும்ப இறங்க முடியாது.

இறுதி ஆட்டம் 1995 யூன் முதலாந் திகதி, மன்னார்க் கல்லூரிக்காரருடன். இடைவேளைக்கு ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் ஜெனிஸ்டன் அடித்த பந்து இடது ஓரத்தில் போய் நின்றது, நின்றபடியே கிடந்தது. அதைச் சுற்றி மண் நனைந்து கறுத்தது. எதிரணியின் வலது பின்களக்காரன் மூன்று அடி தள்ளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஓடி வந்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. பந்து ஒரு சாண் அசைந்தது. திரும்ப நின்றது.

அப்போதுதான் ஞானம்பிகை வந்தாள். அந்த மைதானத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. பஸ்ஸில் வந்து, வழி கேட்டு, கையில் ஒரு பையோடு கோட்டருகே புருசனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை களைச்சுப் போனான். வெளியிலை எடுங்கோ."

"எடுத்தா திரும்ப இறங்கேலாது, ஞானம்."

"தெரியும்."

"ஒருக்கா எடுத்ததுக்கே பதினொரு நாள் என்னோடை கதைக்கேல்லை அவன்."

"இந்தமுறை அம்மாதான் கேட்டவ எண்டு சொல்லுங்கோ."

மாஸ்ரர் வாங்குக்குக் கீழே கிடந்த மட்டையைத் தாமே எடுத்தார். பதினொன்று என்று எழுதிய மட்டை. தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். இராயப்பு விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார். இடது மூலையிலிருந்து நடுக்கோட்டுக்கு ஒரு களைத்த மனிதன் நடந்து வர எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். காய்ந்த மண்ணில் ஈரமான காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்தன. மன்னார்க்காரர் ஒருவர் மெல்லக் கை தட்டத் தொடங்க, பிறகு எல்லோரும் தட்டினார்கள். காலடி கோட்டைத் தாண்டி மாஸ்ரருக்கு முன்னால் வந்து நின்றது. அவர், வெளியே வருகிற எந்த ஆட்டக்காரனுக்கும் நீட்டுவது போலக் கையை நீட்டினார். கை நனைந்தது. "அம்மாதான் கேட்டவ, அப்பு" என்றார். பிறகு அழுதார்.

ஞானம்பிகை பையிலிருந்து நீலத் துவாயை எடுத்து உதறி, நுனிக்காலில் எழும்பி நின்று, தன்னைவிட உயரமான ஒருவனுக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டினாள். காது, பிடரி, தோள். துவாய் ஊறித் தண்ணீர் சொட்டியது. காலடி அதற்கு அப்பால் போகவில்லை. யசிந்தன் பன்னிரண்டாம் இலக்க ஜேர்சியோடு, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, உள்ளே இறங்கினான். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று பாலையடிக்குத் தோல்வியில் முடிந்தது. யசிந்தன் நன்றாகத்தான் ஓடினான்.

கிண்ணம் கொடுத்து முடிந்ததும் ஞானம்பிகை இராயப்புவைத் தேடிப் போனாள்.

"தம்பி, பதினொண்டு வெளியிலை வந்த நேரம் எழுதினனீங்களோ?"

"ஓம் அக்கா. ஐஞ்சு இருபத்திநாலு."

"அதை ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ."

இராயப்பு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, திகதி, கிழமை, நேரம், ஆட்டக்காரரின் முழுப்பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தார். கடதாசியில் முத்திரை இல்லாவிட்டால் இந்த நகரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஆகையால், சங்கத்தின் முத்திரையையும் தேடி எடுத்துக் குத்தினார். அருளையா அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். பஞ்சாங்கத்தைப் பிரித்து விரலை ஓட்டி, வைகாசி மாதம், பூர்வபக்கம், சதுர்த்தித் திதி என்று எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள், விடிய, மொண்டெல்லோவில் குடை விரிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் அந்தியேட்டி நடந்தது. பிஸ்கற் ரின்னில் இருந்ததை ஞானம்பிகை கடலில் விட்டாள். பல்கனிக் கொடியில் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த நீலத் துவாய், அவர்கள் வீட்டுக்கு வந்தபோது காய்ந்திருந்தது. கீழ்வீட்டுச் சின்யோரா அன்றைக்குத்தான் தன்னுடைய துளசிச் சாடியைத் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

மாஸ்ரர் பயிற்றுநராக மேலும் நாலு வருடம் இருந்தார். அடுத்த பருவகாலத்தில் பதினோராம் இலக்கத்தை யசிந்தன் போட்டுக்கொண்டான். இடது பக்கம் அடித்த பந்து, அவன் ஓடிப் போய் நிறுத்தாவிட்டால், எல்லாப் பந்தையும் போலக் கோட்டைத் தாண்டி மதிலடிக்கு உருண்டு போனது. பொடியன்கள் ஓட வெளிக்கிட்டாலும் மாஸ்ரர் விடுவதில்லை. ஒவ்வொரு தரமும் தாமே நடந்து போய்க் குனிந்து எடுத்தார். பந்து காய்ந்திருந்தது.