கூட்ஸ் ஷெட் நின்ற இடம்

எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரே ஒரு சாவி. அது அப்பாவின் கம்பளிச் சட்டைப் பையில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு, முதல் மெழுகுவத்தி ஏற்றும் ஞாயிறன்று, அந்த அறையைப் பூட்டுவார். பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மற்றவர்களுக்குத் திறக்கும். உள்ளே அவர் ரயில் கட்டிக்கொண்டிருப்பார். எட்டு வயதில் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம், நாற்பத்தைந்து வயதில், எனக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தது. அனுமதி என்ன அனுமதி, அவருக்கு வேறு வழியில்லை. கை நடுக்கம் வந்து இரண்டு வருஷமாகிறது. சூப் கிண்ணத்தைத் தூக்கினால் பாதி மேஜை மேல்தான்.

"நான் திட்டம் போடுறேன், நீ ஒட்டு, உல்லி," என்றார். "சொன்னதை மட்டும் செய். உன் மூளையைச் செருப்போட வெளியில விட்டுட்டு வா."

"மூளை இருந்திருந்தா எப்பவோ இந்த வீட்டை விட்டு ஓடியிருப்பேன்பா," என்றேன்.

அப்பா லோத்தார் முப்பது வருஷம் எங்கள் ஊரான ஐபன்பாக் ஸ்டேஷனில், சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். கைகாட்டி, தண்டவாளம் மாற்றுவது, இரும்புச் சக்கரத்தைச் சுற்றி ரோட்டு கேட்டை இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பாதையை மூடி இருபது வருஷமாயிற்று. அதே ஊர்களுக்கு இப்போது நான் பஸ் ஓட்டுகிறேன். ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் எங்கள் முன்னறையில் ஐபன்பாக் ஸ்டேஷன் மறுபடி எழுந்து நிற்கும். இரண்டு மீட்டர் பலகை. பழைய செய்தித்தாளைப் பசையில் தோய்த்து மலை. காய்ந்த பாசியில் காடு. தண்டவாளம் பதித்து, ஒவ்வொரு இணைப்பிலும் எஞ்சின் தடுக்காமல் போகிறதா என்று ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் வீடுகள். எஞ்சின் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்த ரயிலைப் பார்க்க ஒவ்வொரு வருஷமும் வருகிறவர் அப்பாவின் பழைய சிநேகிதர் எகோன் மாமா. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், யாராவது அந்நியர் வந்தால் இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டில் அந்தத் தட்டு எகோன் மாமாவுடையது.

அவர் மனைவி ரோஸ்விதா 1986 டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி அந்த ரோட்டு கேட்டில் இறந்தாள். பேக்கரியில் சுடக் கொடுத்திருந்த ஆறு கிறிஸ்துமஸ் ரொட்டிகளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். மணி நாலு பத்து, இருட்டுகிற நேரம், பனி கொட்டுகிறது. ரயில் அடித்துவிட்டது. எஞ்சின் டிரைவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். விசாரணையில் அப்பா சொன்னது இதுதான்: கேட்டை இறக்கிவிட்டேன், அந்தம்மாதான் கேட்டுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள், கேபின் ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குள் முடிந்தால் போதும் என்று அவர்களும் முடித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம் நிற்கப் பொறுமையில்லாதவள் என்று ஊரே பேசியது. எகோன் மாமாவும்தான் பேசினார். வருஷா வருஷம் எங்கள் மேஜையில் கிளாஸைத் தூக்கி, "என் பொண்டாட்டி அவசரத்துல உன் நிம்மதி போச்சு லோத்தார், மன்னிச்சுக்கோ," என்பார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தே வளர்ந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் எகோன் மாமா காஸெலில் இருக்கும் மகள் அனெக்ரெட் வீட்டோடு போகிறார். எண்பது வயது, தனியாக முடியவில்லை. அவர் பார்க்கப்போகும் கடைசி ரயில் இது.

வேலை தொடங்கிய இரண்டாவது வாரம் கூட்ஸ் ஷெட்டை வைத்தேன். அப்பா கையால் செய்த பழைய அட்டை ஷெட், கூரை கொஞ்சம் கோணல். திட்டத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் பென்சில் கட்டம் போட்டிருந்தது. அங்கேயே வைத்தேன். மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பார்த்தால் அது கேபினை ஒட்டி, தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கிறது.

"ஏண்டி நகத்தினே?" என்றார் அப்பா. குரல் சரியில்லை.

"நானா? சாவி யார் பையில இருக்கு?"

"இந்தக் கையால நான் ஷெட்டைத் தூக்கினேனா?" கையை நீட்டினார். கை தன் பாட்டுக்கு ஆடியது.

கோபம் வந்தது எனக்கு. ஷெட்டைப் பழைய இடத்தில் வைத்து, நாலு மூலையிலும் பசை போட்டு, மேலே டிக்‌ஷனரியை வைத்து அழுத்தினேன். மறுநாள் டிக்‌ஷனரி நாற்காலியில் இருந்தது. ஷெட் கேபினை ஒட்டி இருந்தது. பழைய இடத்தில் பச்சைத் தூளோடு காகிதம் கிழிந்து வெறும் பலகை தெரிந்தது. இந்தத் தடவை அப்பா திட்டவில்லை. பிடித்து நடக்கும் தள்ளுவண்டியைப் பற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. பனியில் காட்டு ரோட்டில் காலி பஸ்ஸைத் தனியாக ஓட்டுகிறவளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து பூட்டிய அறைக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. கேட் இறங்கும்போது அடிக்கிற சின்ன மணி, கொட்டை அளவு. அதற்கு நான் இன்னும் வயரே கொடுக்கவில்லை. சரியாக நாலு பத்துக்கு அடிக்கும். சமையலறையில் அப்பா காபியை அப்படியே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்.  நான் கேட்காததுபோலப் பாத்திரம் கழுவுவேன்.

ஷெட் உண்மையில் எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. விபத்துக்கு மறு வருஷமே அதை இடித்துவிட்டார்கள், எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அம்மா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் தேடினேன். ஒரு போட்டோ கிடைத்தது. ரோட்டிலிருந்து எடுத்தது. கேபின் மாடி ஜன்னலில் பல் விழுந்த வாயோடு நான். பக்கத்திலேயே, இடைவெளியே இல்லாமல், கூட்ஸ் ஷெட்.

போட்டோவோடு முன்னறைக்குப் போனேன். பலகைக்கு முன்னால் முட்டி போட்டு, அட்டைக் கேபினின் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை வைத்து கேட் இருக்கும் பக்கம் பார்த்தேன். ஷெட்டின் சுவர்தான் தெரிந்தது. கேட் தெரியவில்லை. எப்படித் தலையைத் திருப்பினாலும் தெரியவில்லை. அதனால்தான் அங்கே மணியே வைத்திருக்கிறார்கள். அப்பா கண்ணால் பார்த்ததாகச் சொன்னது பச்சைப் பொய். முப்பத்தேழு வருஷமாக அந்தப் பொய் நிற்பதற்காக ஷெட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் தப்பாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"நீங்க பார்க்கவே இல்ல," என்றேன், வாசலில் நின்ற அப்பாவிடம்.

அப்பா போட்டோவைப் பார்த்தார். அப்புறம், "அவ போய்ச் சேர்ந்துட்டா. அவனும் காஸெலுக்குப் போறான்," என்றார். "ஒரே ஒரு சாயங்காலம்மா. பழைய இடத்துலயே வெச்சிடு. அவன் நிம்மதியா போகட்டும்."

"யார் நிம்மதி?" என்று கத்தினேன். ஆனால் அவர் அழ ஆரம்பித்தார். நான் அவரை அழுது பார்த்ததில்லை. அம்மா சாவுக்குக்கூட அழாதவர். கடைசியில் ஷெட்டை எடுத்து ஸ்டேஷனுக்குப் பின்னால் வைத்தேன். வைத்த என் கையை நானே வெறுத்தேன். கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எகோன் மாமா மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். கையில் தானே வடித்த சாராயம், காலில் பனி. "என்ன உல்லி, இந்த வருஷம் நீயா கட்டினே? ரயில் தடம் புரளாம ஓடுமா, இல்ல உன் பஸ் மாதிரி பள்ளத்துல இறங்குமா?"

"ஒரு தடவைதான் மாமா இறக்கினேன். அதையும் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுங்க."

அப்பா கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டேன். ஷெட் கேபினை ஒட்டி நின்றது.

எகோன் மாமா சந்தோஷமாகச் சிரித்தார். "அட, இந்தத் தடவைதான்டா சரியா வெச்சிருக்கே! இங்கதானே இருந்துச்சு. வருஷா வருஷம் தப்பா வைக்கிறியேன்னு நினைப்பேன். உன் ஸ்டேஷன், நான் என்ன சொல்றதுன்னு விட்டுடுவேன்." அவர் மரக் கடைசல்காரர். கேபினுக்குள் ஒரு நாளும் ஏறியதில்லை. ஷெட் மாறியதில் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

முன்னறையிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். ஒன்பது வகை, விட்டுப்போகக் கூடாது: வாத்து, சாசேஜ், உருளைக்கிழங்கு உருண்டை, புளித்த கோஸ், பருப்பு, பீட்ரூட், காளான், தினைக்கஞ்சி, பாலில் ஊறிய ரொட்டி. எல்லோரும் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் எழுந்தால் அந்த வீட்டில் ஒருவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டார் என்பார்கள். அதனால் உப்பு முதல் தண்ணீர்வரை கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பலகையில் ரயில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

எகோன் மாமா கிளாஸைத் தூக்கினார். "கடைசித் தடவையா சொல்லிடறேன் லோத்தார். ரோஸ்விதா அவசரத்துல உன்..."

மணி அடித்தது. நாலு பத்து. ரயில் நின்றது, சரியாக கேட்டுக்கு நடுவில். எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை.

"பாத்தியா, பஸ் டிரைவர் வேலை," என்றார் எகோன் மாமா. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றார்.

"டேய், உட்காருடா! நடுவுல எழுந்திருக்கிறியே!"

"எகோன், இங்க வா," என்றார் அப்பா. "குனி. கேபின் ஜன்னல்ல கண்ணை வெச்சு கேட் பக்கம் பாரு. தெரியுதா?"

எகோன் மாமா விளையாட்டென்று நினைத்துக்கொண்டு முனகியபடி எழுந்தார். முழங்கால் சொடுக்கக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். 

"தெரியல," என்றார்.

"எனக்கும் தெரியல," என்றார் அப்பா. "அவ கட்டையைத் தூக்கினதை நான் பார்க்கல. கட்டை கீழ இருந்தாத்தானே தூக்க முடியும். நான் இறக்கவே இல்ல. டியூட்டியில உட்கார்ந்து இந்த ஷெட்டுக்குக் கூரை ஒட்டிக்கிட்டிருந்தேன். இவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு முடிச்சுடணும்னு. அடுத்த ஸ்டேஷன்ல ரயில் கிளம்பிடுச்சுன்னு போன் வந்துச்சு. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு சரின்னேன். ரெண்டு கையாலயும் கூரையைப் பிடிச்சிருந்தேன், விட்டா பசை பிரிஞ்சிடும். ஒரு நிமிஷம் காயட்டும்னு நினைச்சேன். அப்புறம் சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய் சக்கரத்தைச் சுத்தினேன். எல்லாரும் வர்றப்ப கட்டை கீழ இருந்துச்சு."

 பொய் தெரியும், காரணம் தெரியாது. அது எனக்காகச் செய்த கூரை. முப்பத்தேழு கிறிஸ்துமஸுக்கு அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்.

எகோன் மாமா நிமிர்ந்தார். அப்பாவை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தடுப்பதில்லை என்றும் நினைத்தேன். அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. கோட்டை எடுத்து ஒரு கையை மட்டும் நுழைத்தார். இன்னொரு கை நுழையவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"எகோன், ஏதாவது சொல்லுடா," என்றார் அப்பா.

"உனக்குச் சொல்ல இப்ப என்கிட்ட ஒண்ணுமில்ல. நாளைக்கு அனெக்ரெட் என்னைக் கூட்டிப் போக வருவா. ஒன்பது வயசுல இருந்து அவளைப் பொறுமையில்லாதவ பொண்ணுன்னு கூப்பிட்டிருக்காங்க. அவளுக்கு நீயே சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உல்லி, என்னைக் கல்லறைக்குக் கொண்டுபோய் விடு."

வழியெல்லாம் ஜன்னல்களில் வில்லாக வளைந்த மெழுகுவத்தி விளக்குகள் எரிந்தன. கார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "கல்லறைக்குப் போனப்பல்லாம் அவளைத் திட்டிட்டுத்தான் வந்திருக்கேன்," என்றார். "ரெண்டு நிமிஷம் நிக்க முடியலையாடின்னு. ஒரு நாள் விடாம கேட்டிருக்கேன்."

கல்லறைத் தோட்டத்தில் மற்ற எல்லாச் சமாதிகளிலும் மெழுகுவத்தி இருந்தது. ரோஸ்விதாவுடையது பனி மூடிக் கிடந்தது. அவர் கையுறை போடாமலே கல்லிலிருந்து பனியைத் தள்ளினார். பெயர் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். நான் விலகித்தான் நின்றேன், ஆனாலும் காதில் விழுந்தது.

"கேட் திறந்துதான் இருந்துச்சாம், ரோஸி," என்றார். "நான்தான் உன்னை நம்பல."