குழி அட்டவணை

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. இன்றைக்குச் சொல்வது இனிக்கிற கதை இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு அடுத்த அறையில் ஒரு கணினிக்காரர் இருந்தார். எதைக் கேட்டாலும் "பத்திரமா இருக்கு" என்பார். அவருக்கே பத்திரம் என்று பேராகிவிட்டது. பேர் தெரியாத உடல்களை எந்தக் குழியில் புதைத்தார்கள் என்பது அவருடைய டேட்டாபேஸில் ஓர் அட்டவணையில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, அதில் தவறான வரிகளை நீக்கப்போனவர் அந்த அட்டவணையையே அழித்துவிட்டார். அப்போதும் பதறவில்லை. தினமும் பேக்கப் என்று ஒரு நகல் எடுத்துவைப்பவராயிற்றே! அந்த நகல் கோப்பைத் திறந்தார். ஆறு அட்டவணைகள் இருந்தன. குழி அட்டவணை இல்லை. எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும் என்று அவர் பட்டியல் போட்டபோது அது உருவாகியிருக்கவில்லை. பிறகு சேர்க்க மறந்துபோனார். இரண்டு வருடமாகக் கோப்பு வந்துவிட்டதா என்று பார்த்தாரே தவிர, ஒருநாளும் அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்க்கவில்லை.

"என்ன பத்திரம், உள்ள படுத்திருக்கறவங்க மாதிரி வெளுத்துட்டீங்க?" என்றார் பிணவறைக் காவலர்.

"சும்மா இருங்கண்ணே. முதல்ல மெஷினை நிறுத்தணும். மேல எதையாவது எழுதிட்டா அழிஞ்சது திரும்பாது."

ஹார்ட் டிஸ்க்கை நகலெடுத்து, அந்த நகலில் மூன்று நாள் துழாவினார். முந்நூற்றுப் பத்து வரிகள் மீண்டன. நாற்பத்தொன்று மீளவில்லை.

வெள்ளிக்கிழமை ஓர் அக்கா வந்தார். காணாமல்போன தம்பியைப் போலீஸ் காட்டிய படத்தில் அடையாளம் கண்டு, உடலின் எண்ணை எழுதிக் கொண்டுவந்திருந்தார். பத்திரம் தேடினார். அந்த எண்ணுக்கு வரி இல்லை.

"எந்தக் குழின்னு மட்டும் சொல்லுங்க தம்பி. அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"இருந்துச்சுக்கா. நான்தான் அழிச்சிட்டேன்."

"நோட்டுல எழுதி வைக்கலையா?"

"கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டை விட்டுட்டோம்மா," என்றார் காவலர், தரையைப் பார்த்தபடி.

மீண்ட வரிகளில் இல்லாத நாற்பத்தொரு குழிகளின் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் பத்திரம். "இதுல ஒண்ணுதான். எதுன்னு தெரியலக்கா."

அக்கா தாளை அவர் பக்கமே திருப்பினார். "அம்மாவுக்கு ஒண்ணுதான் வேணும். நீங்களே கையை வைங்க. இந்தப் பொய்யை நான் தனியா சுமக்க மாட்டேன்."

பத்திரத்தின் விரல் தாளில் மேலும் கீழும் போய், நூற்றுப் பன்னிரண்டின் மேல் நின்றது.

இப்போது எல்லா அட்டவணைகளும் பேக்கப்பில் போகின்றன. ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்கிறது. வாரந்தோறும் அதை எதுவும் இல்லாத வேறொரு கணினியில் ஏற்றி வரிகளை எண்ணுகிறார். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு தாய் தினமும் உட்கார்ந்து மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் யாரையும் யாரும் தேடி அலைய வேண்டாம், கண்ணுகளா. போனவர்களெல்லாம் பொழுதோடு வீடு வந்து சேரட்டும்.