கம்பத்தை நோக்கிப் பாய்கிறவள்

நான் போனில் எடுத்து அனுப்பிய படம், மஞ்சளாக ஒரு கோடு, அதன் பின்னால் புழுதி, புழுதியில் கோ-கோ கம்பம் மட்டும் தெளிவாக நிற்கிறது, இதுல நம்ம முத்தரசி எங்க இருக்கா என்று குவைத்திலிருந்து அவர் கேட்கிறார், அந்தக் கோடுதாங்க உங்க மக என்கிறேன், சிரிக்கிறார், மகள் ஓடி ஒருநாளும் நேரில் பார்த்திராதவர், பன்னிரண்டாம் வகுப்போடு ஓட்டமும் முடிகிறது, மாவட்டப் போட்டிதான் கடைசி, போனை நம்பாத, நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிரு, பொங்கலுக்கு வரும்போது மூணு பேரும் சேர்ந்து எடுத்துக்கலாம் என்று அவர் சொன்னது போன வாரமா, போன மாதமா, நான் கோவில்பட்டியில் சேவியர் அண்ணன் கேமராக் கடையில் நிற்கிறேன், ஓடுற பிள்ளைய எடுக்கணுமா, உக்காந்திருக்கிற பிள்ளையவா என்கிறார், ரெண்டும் ஒரே பிள்ளைதாண்ணே, நான் எப்பம்மா உக்காந்தேன் என்று முத்தரசி என் தோளை இடிக்கிறாள்.

முதலில் காட்டியது கையடக்கமானது, பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கலாம், வீட்டுக்குள் முகம் அழகாக விழும், மைதான வெயிலில் திரை இருண்டுபோகும், இரண்டாவது கனமானது, ஒரு கண்ணை மூடி மறு கண்ணை ஓட்டையில் வைக்க வேண்டும், ஏ பாப்பா, தெருமுனை வரைக்கும் ஓடிட்டு வா என்று சேவியர் அண்ணன் சொன்னதும் அவள் இளநீர் வண்டியை ஒட்டிப் பறந்தாள், எதிரே ஆட்டோ, படத்தில் ஆட்டோவின் கூரைதான் இருந்தது, ஒரு கண்ண மூடச் சொன்னா ரெண்டையும் மூடுறீகளேக்கா என்றார் சேவியர் அண்ணன், மேட்ச்லயும் அம்மா இப்படித்தான் மாமா, நான் பாயும்போதுதான் சாமி கும்பிடும்.

போன வருடம் கம்பத்தில் இடித்து அவள் நாடியில், உதட்டுக்குக் கீழே, தையல் போட்டார்கள், அந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்கிறது, தூக்கத்தில் கம்பம் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நட்டிருக்கிறது, முத்தரசி கைக்குழந்தையாக அதை நோக்கித் தவழ்கிறாள், நான் ஓடுகிறேன், எட்டவில்லை, கண்ண மூடிக்கோங்கக்கா, விரல மட்டும் எடுத்துராதீக, அமுக்கிப் பிடிச்சா இது கடகடன்னு எடுத்துக்கிட்டே இருக்கும் என்று யாரோ சொல்கிறார்கள், சேவியர் அண்ணன்தான், கனமான கேமராவையே வாங்கிவிட்டேன், கழுத்தில் அது தொங்க மாவட்டப் போட்டி மைதானத்தில் நிற்கிறேன், பிள்ளைகள் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருக்கிறார்கள், கோ என்று முதுகில் அடி விழுந்ததும் என் மகள் எழுகிறாள், கம்பத்தடியில் எதிரணிப் பெண் நழுவுகிறாள், இவள் பாய்கிறாள், என் கண்கள் மூடிக்கொண்டன, விரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கூச்சல், விசில்.

ஆட்டம் முடிந்து வேப்பமர நிழலில் இருவரும் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம், இதோ, அந்தரத்தில் படுத்தாற்போல் என் மகள், நீட்டிய விரல்கள், மஞ்சள் பனியனின் மடிப்பு, தெறிக்கும் மணல், எல்லாம் அப்படி அப்படியே, ஆனால் அவள் இரண்டு கண்களையும் இறுக மூடியிருக்கிறாள், ஏண்டி, நீயுமா, என்கிறேன், அவள் சிரிக்கவில்லை, பயமாத்தான் இருக்கும்மா, ஒவ்வொரு தடவையும், நாடித் தழும்பில் மண் ஒட்டியிருக்கிறது, துடைக்கப் போன என் கையைத் தட்டிவிடாமல், இதையே அப்பாவுக்கு அனுப்பும்மா என்கிறாள்.