முன்வரிசைக்காரி

செயற்கைப் பல் செய்யும் லேபில் மெழுகில் ஈறு வடிப்பது அவள் வேலை. அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சனிக்கிழமை மதியமானால் அதே கை கம்ப்யூட்டரில் வாள் சுழற்றும். ஐந்து வருஷமாக ஆடிவந்த அந்த ஆட்டத்தில் அவள் முன்வரிசைக்காரி. ஆளுயர வாளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அரக்கனின் மூக்குக்கு நேரே போய் நிற்பாள். பின்னால் நின்று அவள் காயத்தை ஆற்றுகிற ஹீலர், அவள் கணவன். பக்கவாட்டில் அம்பு விடுகிறவன் கொழுந்தன், லிஃப்ட் மெக்கானிக்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கணவன் இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டான். சண்டையில்லை, சத்தமில்லை. "என்னால முடியல" என்றான், அவ்வளவுதான். தன் கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டு போனான். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அவள் அந்த மேஜையைத் துடைக்காமலே வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மனசு கேட்காமல் தனியாக ஆட்டத்துக்குள் போனாள். பனிக்குகை ராட்சசன் அவளைப் பதினோரு தடவை கொன்றான். ஒவ்வொரு தடவையும் உயிர்க்கோடு சிவப்பாகும்போது, "ஹீல், ஹீல்!" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினாள்.

பன்னிரண்டாவது தடவை போகுமுன் ஹெட்ஃபோனில் கொழுந்தன் குரல் கேட்டது.

"அண்ணி."

அவன் பேசியே மூன்று மாதமாயிற்று. "சொல்லுங்க தம்பி," என்றாள்.

"ஆட்டத்துல உங்க ஆளைக் கொஞ்சம் காட்டுங்க." பார்த்துவிட்டு இழுத்தான். "கோவிச்சுக்காதீங்க. எல்லாப் பாயின்டையும் பலத்துலயே கொட்டி வச்சிருக்கீங்க. உயிர்ல ஒண்ணுமே இல்ல. கவசம் வெறும் காகிதம். ரெண்டு அடி தாங்காது."

"நான் எதுக்குத் தாங்கணும்? பின்னாடிதான் உங்க அண்ணன்…"

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லாத்தையும் கலைச்சிட்டுப் புதுசாப் போடுவோம் அண்ணி."

போட்டார்கள். பாயின்டில் பாதிக்கு மேல் உயிருக்குப் போயிற்று. பட்டுத்துணி மாதிரி இருந்த கவசம் போய் இரும்பு வந்தது. அடித்த அடிக்கெல்லாம் கொஞ்சம் உயிரைத் திருப்பித் தருகிற கையுறை ஒன்றைக் கொழுந்தன் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒரு கைக்குச் சின்ன வாள் வந்தது. கேடயத்துக்குத்தான் அரிய உருக்கு வேண்டியிருந்தது. அவளிடமிருந்த ஒரே உருக்கு அந்தப் பெரிய வாள்தான். கல்யாண நாளுக்காகக் கணவன் நாலு நாள் லீவு போட்டு, காய்ச்சலோடு அலைந்து வென்று கொடுத்தது.

கொல்லன் உலையில் வாளை வைத்தாள். 'உருக்கலாமா?' என்று திரை கேட்டது.

"கை வரல தம்பி. உருக்கு வேற எங்கயும் கிடைக்காதா?"

"தேடலாம். ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள அவர் வந்துட்டா? ஹீலர் இருந்தா இந்த வாளே போதுமே." தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

"வர மாட்டார் அண்ணி," என்றான் கொழுந்தன், மெல்ல. "வேற சர்வர்ல புதுசா ஆரம்பிச்சிருக்கார். ஹீலராத்தான்."

"யாருக்கு?"

கேட்டு முடிக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவளும் வாளா?"

"கோடாலி."

சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது உடைந்து தேம்பலாயிற்று. மைக் திறந்தே இருந்தது. கொழுந்தன் ஆறுதலும் சொல்லவில்லை, போகவும் இல்லை. திரையில் அவன் வில்லாளி அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அழுது ஓய்ந்ததும் 'சரி' என்பதை அழுத்தினாள். வாள் போய்க் கேடயம் வந்தது.

"அண்டா மூடி மாதிரி இருக்கு," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா தாங்கும். நானும் உள்ள வரட்டுமா?"

"வேணாம்."

மூன்றாவது முயற்சியில் ராட்சசன் விழுந்தான். மூன்று பேராக ஆடியபோது நாலு நிமிஷத்தில் முடிந்த சண்டை அன்று அரை மணி நேரம் இழுத்தது. ஹெட்ஃபோனில் கொழுந்தன் போட்ட கூச்சல் காதைப் பிளந்தது. அவளோ பழக்கதோஷத்தில் திரையில் தன் ஆளைச் சட்டென்று பின்னால் திருப்பிப் பார்த்தாள், ஹீலர் பிழைத்தானா என்று. பின்னால் பனி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்," என்றான் கொழுந்தன். "என்னையும் அங்க கூப்பிடறார். மூணாவது ஆளு வேணுமாம்."

"போங்க தம்பி. கூடப்பிறந்தவர் கூப்பிடறப்போ போகாம?"

"அங்க போயிட்டா…" தடுமாறினான். "இனிமே உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?"

அவள் யோசித்தாள். "அக்கான்னு கூப்பிடுங்க."

"சரி… அக்கா."

பாசமாகத்தான் சொன்னான். ஆனால் 'அண்ணி' போன இடம் அவளுக்கு வலித்தது. கணவன் வாசலைத் தாண்டிப் போனபோதுகூட இப்படி இல்லை.

திங்கட்கிழமை லேபில் முதலாளியம்மா வழக்கம்போல, "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று விசாரித்தார். அவள் மெழுகிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாங்க பிரிஞ்சிட்டோம்மா," என்றாள். அன்றுதான் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள்.