சாப்பாட்டு மேஜையில் ஒரு கார்புரேட்டர்

என் மாமனார் ஃபௌஸ்தீனோவின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கார்புரேட்டர் இருக்கும். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியோ சிகரெட்டோ வைத்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் கோ-கார்ட் பந்தய வண்டி தடத்திலிருந்து வந்து நிற்க வேண்டியதுதான். இன்ஜின் சூடு ஆறுவதற்குள் பெட்ரோல் டியூபை உருவி, போல்ட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரைத் தனியே எடுத்துவிடுவார். மாமியார் அஞேசே பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிக் காலுறைக்குள் அதை நுழைத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் யாரிடமும் பேசுவார்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஊசித் திருகுகள் உண்டு. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். அவை எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைப் பக்கத்துக் கூடாரத்துக்காரன் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் இத்தனை பாடு. வட இத்தாலியில் எங்கள் பிரேஷியா பக்கத்தில் பழைய ஆட்கள் பலரும் இப்படித்தான். ஆனால் சொந்த மகனின் கல்யாணத்துக்கே அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். மாதா கோவில் வாசலில் அவர் என்னைக் கட்டியணைத்து ஆசி சொன்னதற்கு அடையாளமாக என் வெள்ளை உடையில், இன்ஜினுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெயின் கறை இன்னும் இருக்கிறது.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டாரக் கழகத்தின் குடும்பக் கோப்பை. பருவத்தின் கடைசிப் பந்தயம். காலையில் தகுதிச் சுற்று, மத்தியானம் இறுதிச் சுற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி. எந்தச் சுற்றில் யார் ஓட்டுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் வண்டியை ஓட்டுவது நான். ஏழு வருடமாக நான்தான்.

தகுதிச் சுற்றில் ஆறாவதாக வந்தேன். வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"மறுபடியும் காலை எடுத்துட்டே, ஒரியெத்தா."

"எடுக்கல மாமா. பெடல் கடைசி வரைக்கும் அமுங்கித்தான் இருந்துச்சு. நேர் பாதையோட பாதியிலேயே வண்டி மூச்சு வாங்குது. பெட்ரோல் போகல."

"பெட்ரோல் திருகை இன்னும் கொஞ்சம் தெறந்துதானே விட்டேன்?"

"தெறந்தும் ஒண்ணும் மாறலையே! அப்படின்னா திருகு மேல தப்பில்ல. திருகு வரைக்கும் பெட்ரோலே வந்து சேரலன்னு அர்த்தம். கடைசில கையால மூடிப் பார்த்தேன். உடனே உசுரு வந்துச்சு."

கையால் மூடுவது எங்கள் வண்டிகளில் எல்லோரும் செய்வதுதான். நேர் பாதை முடியும் இடத்தில், பிரேக் மிதிக்கும் முன், ஒரு கையைப் பின்னால் நீட்டி இன்ஜினின் காற்றுத் துளையை உள்ளங்கையால் ஒரு கணம் அடைப்போம். காற்று குறைந்ததும் இன்ஜின் பெட்ரோலையும் எண்ணெயையும் ஒரு மடக்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். பிஸ்டன் சூட்டில் இறுகிப்போகாமல் தப்பிக்கும். ஆனால் அன்று பாதி வழியிலேயே அப்படி மூடினால்தான் வண்டி நகர்ந்தது.

மாமனார் கார்புரேட்டரைக் காலுறைக்குள் தள்ளினார்.

"கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல. அதை நான் கையால தடவிப் பார்த்தே சொல்லுவேன். கொழந்தை பொறந்ததுல இருந்து உன் கால் பயப்படுது. தப்புன்னு சொல்லல, தாய்னா அப்படித்தான். மத்தியானம் மீர்க்கோ ஓட்டட்டும்."

மீர்க்கோ அவருடைய தங்கை மகன். எங்கள் கூடாரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நானா? என்னை ஏன் மாமா இழுக்கறீங்க?"

என் கணவன் எல்வியோ டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்தான். எல்வியோ நல்லவன், வீட்டில் பாத்திரம் கழுவுவான், குழந்தைக்குச் சடை பின்னுவான், எனக்கு ஜுரம் என்றால் அழுதேவிடுவான். அவனுடைய அப்பா வாயைத் திறந்துவிட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

வண்டியில் உட்கார முடியாமல் போவதை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். பயந்தவள் என்ற பெயரோடு இறங்குவதைத்தான் தாங்க முடியாது. இன்று மீர்க்கோ உட்கார்ந்துவிட்டால், வசந்தத்தில் தடம் திறக்கும்போது யாரும் எதுவும் கேட்காமலே அவன்தான் உட்காருவான். கேட்கிறவர்களிடம், பாவம், பிள்ளை பெற்றவள் என்பார்கள்.

மதியம் பனிமூட்டம் விலகி வெயில் வந்தது. அஞேசே அத்தை கூடாரத்தின் கீழ் மடக்கு மேஜையை விரித்துக் கட்டம் போட்ட துணி போட்டாள். மாவுக்குள் கறி அடைத்து வேகவைத்த கசோன்செல்லியில் உருக்கிய வெண்ணெய் பளபளத்தது. மாமனார் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் மூன்று வயது மகள் நீவெஸ் அத்தையின் மடியில் ஏறிக்கொண்டாள். எல்லோருடைய தட்டும் நிறைந்தது. என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மாமா, அதைத் தெறந்து பார்க்கணும்."

"எதை?"

"உங்க பையில இருக்கறதை."

"முதல்ல சாப்பிடு."

"நான் வேலை பாக்கறது குழாய் கம்பெனில. குழாய்ல தண்ணி கொறைஞ்சா நாங்க முதல்ல பார்க்கறது வாயில இருக்கற சல்லடையைத்தான். இதுக்குள்ளயும் ஒரு சல்லடை இருக்குல்ல? கடைசியா எப்போ தெறந்தீங்க?"

"வசந்தத்துல தெறந்தேன். ரப்பர் சவ்வு, ஊசி, ஸ்பிரிங் எல்லாம் புதுசு போட்டேன். நான் மூடினதை நான்தான் தெறப்பேன். தெறக்கணும்னு எனக்குத் தோணணும். இன்னும் தோணல." முள்கரண்டியால் ஒரு கசோன்செல்லியைக் குத்தினார். "அஞேசே, உப்பு."

நான் எழுந்தேன். மேஜையைச் சுற்றிப் போனேன். அவருடைய கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் காலுறையை உருவினேன். ஒளித்து எடுக்கவில்லை, அவர் கண் முன்னால், மகன், மனைவி, மருமகன், பேத்தி எல்லோருடைய கண் முன்னாலும் எடுத்தேன். காலுறையை உதறியதும் கார்புரேட்டர் கட்டம் போட்ட துணியின் மேல், சீஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உருண்டு நின்றது.

மீர்க்கோ மெல்லுவதை நிறுத்தினான்.

"ஒரியெத்தா!" மாமனார் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க! துணியைப் போட்டு மூடு!"

எல்லோரும் என்றால் பக்கத்துக் கூடாரத்து பொன்சானீனி. மாடு போல உடம்பு, ஆந்தை போலக் கண். அவர் ஏற்கெனவே நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்.

"மூட மாட்டேன் மாமா."

பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தேன். உள்ளே காற்று ஊத வேண்டுமானால் ஊசித் திருகுகளை வெளியே எடுத்தாக வேண்டும். மறுபடி அதே இடத்தில் வைப்பதற்கு, முழுக்க மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் எண்ணலாம். நான் வாய்விட்டு, சத்தமாகவே எண்ணினேன்.

"பெரிய திருகு. அரை... முக்கால்... ஒண்ணு. ஒண்ணேகால்!"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருட ரகசியம் கடலை விற்கிறவன் குரலில் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணேகாலா?" என்றார் பொன்சானீனி. "அட, ஃபௌஸ்தீனோ! நம்ம வண்டியிலயும் அதேதானய்யா! இதுக்கா இத்தனை வருஷமா கட்டிக் காத்தே?"

அவருடைய கூடாரமே சிரித்தது. மீர்க்கோ சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, அது மூக்கில் ஏறி இருமினான்.

நான் சிரிக்கவில்லை. மேல் மூடிக்கு ஒரே திருகு. கழற்றினேன். மூடியின் கீழே பம்ப் வேலை செய்யும் மெல்லிய சவ்வு. அதை நகத்தால் பொறுமையாக உரித்து எடுத்தேன். அதற்கும் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்குக் கம்பிச் சல்லடை. கம்பி தெரியவில்லை. எண்ணெயில் ஊறி, அடை போல அழுத்திப் படிந்திருந்த நீலப் பஞ்சுதான் தெரிந்தது.

ஊசி முனையால் அதை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அத்தை மடியிலிருந்த குழந்தையை நகர்த்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இது என் நூலாச்சே!"

"உங்க நூல்தான் அத்தை. டியூபை உருவின உடனே காலுறைக்குள்ள தள்ளிடறாரு. வாய் தெறந்தே கிடக்குது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்பளியைக் கடிச்சுக்கிட்டு வருது."

"நான் கேட்டேன்ல?" அத்தை கணவர் பக்கம் திரும்பினாள். "போன குளிர்காலத்துலயே கேட்டேன், ஒத்தைக் காலுறையை எங்கே தொலைச்சீங்கன்னு. செருப்பு அடியில தேடினேன், கட்டில் அடியில தேடினேன்!"

மாமனார் பஞ்சைப் பார்த்தார். அது அவருடையது இல்லை என்பது போல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"சரி. எடுத்தாச்சுல்ல? ஊதி மூடு. மீர்க்கோ, கிளம்பு. வண்டி இப்ப ஓடும்."

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சல்லடையைப் பெட்ரோலில் அலசினேன். துளைகளில் காற்று ஊதினேன். சவ்வைச் சுருக்கம் விழாமல் படுக்க வைத்து மூடினேன். திருகுகளை எண்ணி வைத்தேன், இந்த முறையும் சத்தமாக. கார்புரேட்டரை நானே வண்டியில் பொருத்தினேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டி மேலிருந்த கார்ட்டை மீர்க்கோவைப் பிடிக்கச் சொல்லிக் கீழே இறக்கி, அதில் ஏறி உட்கார்ந்தேன்.

"அது மீர்க்கோ உக்கார வேண்டிய இடம்," என்றார் மாமனார்.

"என்னைத் தூக்கி வெளிய போடுங்க. நாலு பேர் வேணும். பொன்சானீனி ஐயாவைக் கூப்பிடலாம்."

"மாமா," என்றான் மீர்க்கோ, "நான் ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கேன். அண்ணியோட சீட்டுல என் ஒரு தொடைதான் நுழையும். ஆளை விடுங்க."

மாமனாரிடம் இன்னும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. எங்கள் வண்டிக்கு கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. யாராவது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேகம் வந்ததும் தொப்பென்று போட்டால்தான் இன்ஜின் பிடிக்கும். தள்ள ஆளில்லாவிட்டால் நான் எத்தனை தைரியசாலியாக இருந்தும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"எல்வியோ," என்றார். "இவளைத் தள்ளாதே."

எல்வியோவின் கையில் எதையோ துடைத்த துணி இருந்தது. அதை மடித்தான். இன்னொரு முறை மடித்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்காக இல்லை. அவன் இப்போதும் டயரைப் பார்த்துவிட்டால், அப்புறம் அவன் சடை பின்னுவதையும் பாத்திரம் கழுவுவதையும் வைத்து நான் என்ன செய்வது?

"அப்பா," என்றான். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இவ, வண்டியைத் தள்ள ஆளில்லாம தடத்தோட ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தா. அப்போ நீங்க என்ன சொன்னீங்க? அடுத்த கூடாரத்துக்காரியை நீ ஏண்டா தள்ளறேன்னு கேட்டீங்க. அன்னைக்கும் நான் உங்க பேச்சைக் கேக்கல. இன்னைக்கும் கேக்கப் போறதில்ல."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குனிந்து பின்பக்கக் கம்பியைப் பிடித்தான். அவன் மூச்சு என் ஹெல்மெட்டின் பக்கத்தில் கேட்டது.

"ரொம்ப லேட்டா வாயைத் தெறந்துட்டேன்," என்றான்.

"வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கலாம். இப்ப ஓடு!"

ஓடினான். முதுகு வலி என்று வாரம் முழுக்க முனகியவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வண்டி தரையில் விழுந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

ஆறாவது இடத்திலிருந்து கிளம்பினேன். முதல் சுற்றில் நேர் பாதைக்கு வந்தபோது, வழக்கமாக மூச்சு வாங்கும் இடம் வருகிறது என்று உடம்பு தானாக இறுகியது. காலை அழுத்தினேன். அந்த இடம் வந்தது. போனது. இன்ஜின் இன்னும் மேலே, நான் மறந்தே போயிருந்த உச்சக் குரலுக்கு ஏறியது. பாதை முடியும் இடத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காற்றுத் துளையை மூடினேன். எண்ணெய் மணத்தோடு நீலப்புகை பறந்தது. பிரேக் மிதித்தபோது என் முன்னால் இருந்தவன் என் பின்னால் இருந்தான். அடுத்த சுற்றில் இன்னொருவன். ஊசிமுனை வளைவில் பேராசைப்பட்டு அகலமாகப் போய் ஓர் இடத்தை இழந்தேன். கடைசிச் சுற்றுகளில் அதையும் இன்னொன்றையும் வாங்கினேன். மூன்றாவதாக முடித்தேன். பொன்சானீனியின் மகன் நான்காவது.

உள்ளே வந்து நின்றபோது மாமனார் வண்டியருகே காத்திருந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெயிலில் பிடித்து, முனையின் நிறத்தைப் பார்த்தார். பால் கலந்த காப்பியின் நிறம். இன்ஜினுக்கு வேண்டியது கிடைத்திருந்தால்தான் அந்த நிறம் வரும். வெகுநேரம் பார்த்தார்.

"ஊசிமுனை வளைவுல ரொம்ப அகலமாப் போனே," என்றார்.

"போனேன். அது என் தப்பு. அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. கால் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லிட்டுத் திட்டுங்க."

"என்ன பதில்?"

"காலைல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

உண்மையிலேயே எல்லோரும் இருந்தார்கள். எல்வியோ என் தோளுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு நின்றான். அத்தை குழந்தையோடு வந்திருந்தாள். பொன்சானீனி கொஞ்சமும் கூச்சமில்லாமல் எங்கள் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"அப்போ ஃபௌஸ்தீனோ, வசந்தத்துல யாரு ஓட்டறது?" என்று கேட்டார்.

மாமனார் பிளக்கைத் துடைத்தார். தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். 'இவதான்' என்று ஒரு சொல் காதில் விழுந்தது.

"கேக்கல மாமா," என்றேன். "ஹெல்மெட் போட்டிருக்கேன்ல, காதுல எதுவும் விழல."

அவர் நிமிர்ந்தார். என் இடுப்பில் இடுக்கியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கடைசிக் கூடாரம் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"இவதான்யா ஓட்டுவா! இவ காலை எடுக்கவே இல்ல! போதுமா?"

"போதும்," என்றேன்.